தேவசகாயத்துக்கு விழுந்த ஆர்கான்

திருப்பதியில் வந்து இறங்கிய ஒருத்தி சாமி பார்க்க வரவில்லை என்று சொன்னால் அந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. ரயில் நிலைய வாசலிலிருந்து திருச்சானூர் விடுதி வரைக்கும் ஐந்து பேர் கேட்டார்கள், தரிசனம் ஆயிற்றா என்று. சித்தூரில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் தனிம அட்டவணை எழுதுகிறார்கள், அதைச் சரிபார்க்கப் போகிறேன் என்று முதல் இரண்டு பேருக்கு விளக்கினேன். மூன்றாமவரிடம் ஆயிற்று என்று சொல்லித் தப்பித்தேன். விடுதிக்காரர் மட்டும் விடவில்லை. அட்டவணை எழுதுவது ஏதாவது வேண்டுதலா என்று விசாரித்தார். அவர் எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறார் என்பது மறுநாள்தான் எனக்கு விளங்கியது.

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்களுக்கு வருகிற வியாதி எனக்கும் வந்து, தனிமங்களுக்குப் பெயரும் குறியீடும் எப்படி வந்தன என்பதை ஒரு சின்னப் புத்தகமாக எழுதி, என் செலவிலேயே அச்சடித்தேன். முக்கால்வாசிப் பிரதிகள் இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. தப்பித்துப் போன பிரதிகளில் ஒன்று சித்தூரில் ஒரு பழைய மிஷன் பள்ளியின் வேதியியல் ஆசிரியை எஸ்தரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. புது ஆய்வகம் கட்டியிருக்கிறோம், சுவர் முழுக்க அட்டவணை, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பெயர் வந்த விதம் ஒரு வரி, நீங்களே வந்து எழுதித் தர வேண்டும் என்று போன் செய்தார். புத்தகத்தை ஒருவர் படித்துவிட்டார் என்ற அதிர்ச்சியில், அவர் பேசி முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

பேருந்துப் பலகையைப் படிக்க முடியாத இடம் எதுவாக இருந்தாலும் எனக்கு அது வெளிநாடுதான். எனவே திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஏறும்போதே வெளிநாட்டுப் பயணியின் பதற்றம் வந்துவிட்டது. ஓட்டுநர் எங்களை எடை பார்த்து அடுக்கினார். ஒல்லியானவர்கள் முன்னால், என்னைப் போன்றவர்கள் அடியில், மொட்டையடித்த இரண்டு பேர் பின்னால் தொங்கலில். தனிம அட்டவணையிலும் லேசானவை மேலே, கனமானவை கீழேதான். ஆனால் அங்கே ஒரு கட்டத்தில் ஒருவர்தான் உட்காரலாம். ஷேர் ஆட்டோவில் அப்படியெல்லாம் சட்டம் கிடையாது.

கோயில் கடைகளில் பஞ்சலோக மோதிரம் விற்கிறார்கள். என்ன ஐந்து உலோகம் என்று கேட்காமல் வாங்குவது ஒரு வேதியியல்காரிக்கு அழகில்லை. முதல் கடைக்காரர் தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, இரும்பு என்றார். பித்தளைக்குள்ளேயே செம்பு இருக்கிறதே என்றேன். அப்போ ரெண்டு செம்பு, இன்னும் நல்லது என்றார். இரண்டாம் கடையில் இரும்பு போய் ஈயம் வந்தது. மூன்றாம் கடைக்காரர், "அஞ்சு லோகம் மேடம், அவ்ளோதான்" என்று பேச்சை முடித்துவிட்டார். மூன்றும் என் கண்ணுக்குச் செம்பாகத்தான் தெரிந்தன. சைப்ரஸ் தீவிலிருந்து போனதால் ரோமானியர்கள் செம்புக்கு அந்தத் தீவின் பெயரையே வைத்தார்கள். குறியீட்டில் இன்றைக்கும் அந்தத் தீவுதான் இருக்கிறது. தீவின் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்த உலோகம், திருச்சானூரில் வந்து வேறு நான்கு பேர்களின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறது. ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் விரல் பச்சையாகிவிட்டது.

சாப்பாட்டுக் கடையில் பருப்பும் நெய்யும் போட்டு, மேலே ஒரு சிவப்புப் பொடியைத் தூவினார்கள். எங்கள் ஊர் இட்லிப் பொடி நினைப்பில் தாராளமாகப் பிசைந்தேன். இரண்டாவது கவளத்தில் காது அடைத்தது. குண்டூர் மிளகாய் என்று பரிமாறியவர் பெருமையோடு சொன்னார். தண்ணீரைக் குடித்துக்கொண்டே எனக்கு ஹீலியம் ஞாபகம் வந்தது. பழைய சூரிய கிரகணம் ஒன்றைப் பார்க்க வெள்ளைக்காரர் ஒருவர் குண்டூருக்கு வந்து முகாம் போட்டார். சூரிய வெளிச்சத்தில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு மஞ்சள் கோடு அந்தக் கிரகணத்தின் உபயத்தில்தான் தெரிய வந்தது. பூமியில் அப்போது யாருக்கும் தெரியாத தனிமம் அது. அதற்குக் கிரேக்கச் சூரியனின் பெயரை வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். குண்டூருக்கு மிஞ்சியது மிளகாய்தான்.

மறுநாள் காலையில் சித்தூர் பேருந்து, மாந்தோப்புகளுக்கு நடுவே ஓர் இடத்தில் நின்று, பிறகு கிளம்ப மறுத்தது. பேட்டரி போய்விட்டது. ஓட்டுநர் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இருந்தேன். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் எதையோ சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று நடத்துநரைக் கேட்டேன். அவர் நல்ல தமிழில் மொழிபெயர்த்தார்: "நல்லா துன்னுட்டு உக்காந்துக்கினு இருக்குதுன்னு சொல்லுது மேடம்." முழங்காலைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சித்தூர் வரைக்கும் கோபமாகவே வந்தேன்.

எஸ்தர் ஸ்கூட்டரோடு வந்திருந்தார். நாற்பது வயது, வேகமான பேச்சு, பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, இடையிடையே கணக்கெல்லாம் ஆங்கிலம். இங்கே நிறையப் பேருக்குத் திருச்சபைப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று சொல்லிச் சிரித்தார். பொட்டாசியமும் அப்படித்தான் என்றேன். பெயர் பானையில் காய்ச்சிய சாம்பலிலிருந்து வந்தது, குறியீடு அரபிக்காரர்களின் சாம்பலிலிருந்து வந்தது. ஆள் ஒன்று, சாம்பல் ஒன்று, இனிஷியல் மட்டும் வேறு ஊர்.

எஸ்தர் ஆய்வகத்தைத் திறந்து காட்டினார். எங்கள் பக்கம் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதியே வெளிச்சத்தை மறைப்பார்கள். இங்கே நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களுக்கும் உபயதாரர் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் பெரிதாக, 'அன்புத் தந்தை இன்னார் நினைவாக.' மூலையில் கடுகளவு குறியீடு. ஆய்வகத்தின் எக்ஸாஸ்ட் ஃபேன்கூடத் தப்பவில்லை. சபைச் செயலாளரின் தகப்பனார் பெயர் அதைச் சுற்றி வட்டமாக எழுதப்பட்டிருந்தது.

எழுதியவர் முனிரத்தினம். குப்பம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் குடுபல்லிக்காரர். தேர்தல் சுவர்களில் பயின்ற கை. பெயரைப் பெரிதாகப் போடுவதுதான் தொழில் தர்மம் என்று என்னிடம் பொறுமையாக விளக்கினார். இட்ரியம், எர்பியம், டெர்பியம், இட்டெர்பியம் என்று நான்கு பெயர்களுக்குச் சேர்த்து என் வரியைக் கொடுத்தேன். சுவீடனில் கல்குவாரி உள்ள ஒரே சின்ன ஊரின் பெயரிலிருந்துதான் நான்கும் வந்தன. முனிரத்தினம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரே ஊருக்கு நாலா? அந்த ஊரு எம்எல்ஏ யாரு மேடம்?"

எனக்குத் தெரியாது என்றேன். குடுபல்லிப் பக்கமிருந்தும் வருஷக்கணக்காகக் கல் போய்க்கொண்டுதான் இருக்கிறது, உலகமெல்லாம் சமையல் மேடையாகக் கிடக்கிறது, ஒரு தூசிக்குக்கூட எங்கள் பெயர் வைக்கவில்லையே என்று அவர் முணுமுணுத்தது நியாயமாகத்தான் பட்டது.

மதியம் ஹாஸ்டல் சமையற்கட்டில் சாப்பாடு. ராகி சங்கடி என்கிற கேழ்வரகுக் களி உருண்டையும் கோழிக் குழம்பும். நான் மென்று தின்னப் பார்த்தேன். பரிமாறிய அம்மாள் குனிந்து, கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயர் சலோமி. ஐம்பதைத் தாண்டியவர். சாப்பிட்டு முடிக்கிறவரை என் பச்சை விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர், போகும்போது ஒரு துண்டுப் புளியை நீட்டித் தேய்த்துக் கழுவச் சொன்னார். என் நாற்பது வருஷ வேதியியலுக்கு அது தோன்றவில்லை.

சாப்பிட்டு வந்தால் ஆய்வக வாசலில் ஒரு வரிசை நிற்கிறது. எல்லார் கையிலும் மடித்த சீட்டு. எஸ்தர் அப்போதுதான், கொஞ்சம் தயங்கி, விஷயத்தைச் சொன்னார்.

யாருக்கு எந்தத் தனிமம் என்று பேச்சு வந்தபோது சபையில் எல்லாக் குடும்பமும் தங்கம் கேட்டிருக்கிறது. சண்டை முற்றியதும், புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எடுப்பது மாதிரி சீட்டெடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எங்கள் ஊரிலும் அந்தப் பழக்கம் உண்டு. தட்டில் கை விட்டு ஒரு வசன அட்டையை எடுப்பார்கள். வந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன வார்த்தை. மாற்றி எடுக்கக் கூடாது. இவர்கள் காணிக்கைத் தட்டில் நூற்றுப் பதினெட்டுச் சீட்டுகளைப் போட்டு, ஜெபம் பண்ணி, எடுத்திருக்கிறார்கள். செத்தவருக்கு ஒரு தனிமம் வந்தது. அந்தத் தனிமத்தின் வழியாக ஆண்டவர் செத்தவரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் பாளையங்கோட்டையிலிருந்து ஆளை வரவழைத்திருக்கிறார்கள். வேண்டுதலா என்று கேட்ட விடுதிக்காரரை அப்போது மனதுக்குள் வணங்கினேன்.

நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கிளி மட்டும்தான் இல்லை. தங்கம் யாருக்கு விழுந்தது என்று கேட்டேன். சபைச் செயலாளர் ஜெபராஜுக்கு. வெள்ளி? அவர் மச்சானுக்கு. தட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததும் ஜெபராஜ்தானாம். கர்த்தருடைய சித்தம் என்றார் எஸ்தர், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

போதகர் நிக்கல் சீட்டோடு வந்தார். ஜெர்மன் சுரங்கத்துக்காரர்கள் செம்பு என்று நம்பித் தோண்டி, செம்பு கிடைக்காத கடுப்பில் அந்தக் கல்லுக்குக் குட்டிச்சாத்தான் என்று பெயர் வைத்தார்கள் என்றேன். போதகர் நல்ல மனிதர். சாத்தானைப் பிடித்துச் சுவரில் ஒரு கட்டத்துக்குள் அடைத்தாயிற்று, நல்லதுதான் என்று போய்விட்டார். அடுத்து வந்த வக்கீல் குடும்பத்துக்குப் புரோமின். கிரேக்கத்தில் துர்நாற்றம். அவர்கள் அப்பா ஊரில் பெரிய மனிதர். வக்கீல் என் காதோரம் குனிந்து வேறு வார்த்தை இல்லையா என்று கேட்டார். 'கடும் மணம்' என்று எழுதிக் கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் ஜெபராஜ் என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். மேடத்தின் நகைச்சுவையே நகைச்சுவை என்று சொல்லி, ஒரு பக்கத்தைத் திருப்பி எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். ஆர்கான் பற்றி நான் எழுதியது: 'கிரேக்க மொழியில் சோம்பேறி என்று பொருள். மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி எதிலும் பட்டுக்கொள்ளாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும்.' படித்துவிட்டு வரிசையின் கடைசியைப் பார்த்து, "தேவசகாயத்துக்குப் பொருத்தமாத்தான் கர்த்தர் குடுத்திருக்காரு" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் எழுதிய வரியைக் கேட்டு நாலு பேர் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

வரிசையின் கடைசியில் சலோமி நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த சீட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

தேவசகாயம் சலோமியின் கணவர் என்பதை எஸ்தர் பிறகுதான் சொன்னார். இருபத்தாறு வருஷம் இதே பள்ளியின் பழைய ஆய்வகத்தில் உதவியாளர். அமிலக் குப்பிகளை நிரப்புவதும், பிள்ளைகளுக்கு முன்னால் குளோரின் தயாரிப்பதும், புகையில் நின்று கழுவுவதும் அவர் வேலை. ஜன்னல் இரண்டுதான். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வேண்டும் என்று வருஷா வருஷம் கமிட்டிக்கு எழுதிக் கொடுப்பாராம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிப் பதில் வரும். கடைசி வருஷங்களில் மத்தியானமானால் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கமிட்டிக் கூட்டத்தில் அவருக்குச் சோம்பேறி என்று முதலில் பெயர் வைத்தவர் ஜெபராஜ். அதுவே நிலைத்துவிட்டது. போன வருஷம் இறந்துபோனார்.

நான் நிமிர்ந்து அந்த ஃபேனைப் பார்த்தேன். ஜெபராஜின் தகப்பனார் பெயரைச் சுற்றிக்கொண்டு அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அதைக் கிண்டல் செய்து மனதுக்குள் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். அந்தப் பத்தி இப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் திறப்பு விழா. காலையில் வேர்க்கடலைச் சட்னியோடு இட்லி கொண்டுவந்து வைத்த சலோமியை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஆர்கான் கட்டம் ஒன்றுதான் பாக்கி, இரவெல்லாம் எழுதிவிட்டு முனிரத்தினம் காத்துக்கொண்டிருக்கிறார், 'அமைதியானது' என்று எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றேன். வக்கீலுக்கு ஒரு நியாயம் செய்தவள் இவருக்கும் செய்வதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன். சலோமி வேண்டாமென்று தலையசைத்தார்.

"சீட்டுல வந்ததை மாத்தக் கூடாது மேடம். அவரு உக்காந்துக்கினுதான் இருந்தாரு. நான் இல்லன்னு சொல்லல. நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும், உக்காராம என்ன பண்ணுவாரு?"

போகத் திரும்பியவர் நின்றார்.

"சோம்பேறின்னே எழுதுங்க. அவரு சோம்பேறின்னு எழுதாதீங்க. அப்படிப் பேரு வச்சாங்கன்னு எழுதுங்க. பேரு வச்சது எப்படிப்பட்டவங்கன்னும் எழுதுங்க."

இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தனிமப் பெயர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவள் நான். அதில் எந்தப் பக்கத்திலும் இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. இங்கிலாந்தில் கண்டுபிடித்தவர்கள், எதனோடும் சேராமல் சும்மா இருக்கிறதே என்று அந்த வாயுவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். காற்றில் நூறில் ஒரு பங்கு அதுதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போய், ஒரு கெடுதலும் செய்யாமல் வெளியே வருகிறது. தேவசகாயம் இழுத்து இழுத்து விட்ட மூச்சிலும் அது போய் வந்திருக்கும். குண்டு பல்புக்குள் அதைத்தான் அடைக்கிறார்கள். அது உள்ளே சும்மா இருப்பதால்தான் இழை பொசுங்கிப் போகாமல் எரிகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஜோக்கு நன்றாக வந்துவிட்டதே என்று இதை விட்டுவிட்டேன்.

ஒரு காகிதத்தில் எழுதி முனிரத்தினத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். இதை எந்த அளவில் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். உபயதாரர் பெயர் அளவுக்கு என்றேன். தொழில் தர்மத்தை மீறி அப்படியே போட்டார். புரோமின் கட்டத்தையும் கையோடு 'துர்நாற்றம்' என்றே திருத்தச் சொன்னேன். வக்கீல் விழாவில் என்னோடு பேசவில்லை.

விழாவில் எல்லாக் கட்டங்களையும் தாமே உரக்கப் படிப்பதாக ஜெபராஜ் ஏற்கனவே அறிவித்திருந்தார். ஒலிபெருக்கி இருக்கிற இடத்தில் அவரைத் தடுக்க யாராலும் முடியாதாம். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர் பதினெட்டாவது கட்டத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். முந்தின நாள் சிரிப்பு அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். "ஆர்கான். தேவசகாயம் நினைவாக. இதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்கள், இது என்ன வேலை செய்கிறது என்று பார்க்காதவர்கள். விளக்கு எரிவது இது உள்ளே உட்கார்ந்திருப்பதால்."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள். போதகர் குரல் மாதிரி இருந்தது. பொட்டாசியத்தை ஜெபராஜ் ஒலிபெருக்கி இல்லாத குரலில் படித்தார்.

கிளம்பும்போது சலோமி ஒரு தூக்குச்சட்டியில் சங்கடி கட்டிக் கொடுத்தார். நன்றியெல்லாம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். நான் எஸ்தரின் ஸ்கூட்டரில் ஏறிய பிறகு கேட்டார்.

"உங்க புஸ்தகத்துலயும் மாத்துவீங்களா மேடம்?"

அது அச்சாகிவிட்டதே என்றேன்.

"வித்துப் போச்சா எல்லாம்?"

இல்லை, கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்றேன். எந்த விமரிசகரிடமும் ஒப்புக்கொள்ளாத உண்மை அது.

"அப்போ மாத்தலாம்" என்றார்.

திருப்பதிக்குத் திரும்பிய பேருந்து ஒழுங்காக ஓடியது. ரயில் நிலையத்தில் ஒருவர் தரிசனம் ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன்.

ஊருக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டுகளை இழுத்துப் போட்டேன். தினமும் மத்தியானம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பிரதியாக எடுத்து, ஆர்கான் பக்கத்தில் மாப்பிள்ளையை அடித்துவிட்டு, ஓரத்தில் சுவரில் எழுதிய அதே வரிகளைக் கையால் எழுதி வைக்கிறேன். முழங்கால் வலியோடு இரண்டு கட்டு முடிந்திருக்கிறது, இன்னும் நிறைய இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் நான் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் சொல்வார்கள்.